அட்டையில் இல்லாத அண்ணன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டே கேள்விகள் இருந்தன. இரண்டுக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன். என் கையிலிருந்த பதிவேடுகளின்படி இரண்டு பதில்களும் சரியானவை. அந்த இரண்டு வரிகளை இன்றுவரை மனசுக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்து மருந்தகங்களுக்கும் மலைமேல் உள்ள துணை சுகாதார நிலையங்களுக்கும் புதிதாக வந்திருக்கிற நீங்கள், வேலையில் கண்டதைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். ஊசியும் கட்டும் தடுப்பு மருந்தும் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். என்னிடம் கொடுப்பதற்கு இருப்பது முத்தையாவின் கதை மட்டும்தான்.

தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் அது. குன்னூருக்குக் கீழே ஒரு தோட்டத்தின் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, வாரம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர். பேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. ஓடாத நாட்களில் சங்கு ஊதாது. சங்கு ஊதாத காலையில் மணி என்ன என்றே தெரியாது. மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வாசல்களில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது வேறு ஊரில் இருமுவதுபோலக் கேட்கும். ஆள் குறைத்துவிட்டதால் மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பார் இல்லை. இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் மரமாக நிமிர்ந்து, கொப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்தன. அத்தனை வருடம் அங்கே இருந்தும் தேயிலை அவ்வளவு பூத்து நான் பார்த்ததில்லை. பார்க்க அழகாக இருந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார்கள்.

முத்தையா பேக்டரியில் தூளை உலர்த்தும் ட்ரையரில் வேலை பார்த்தவர். நாற்பத்து நாலு வயது. சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவர். எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், நானும் அப்படித்தான். குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் ஈரலில் கட்டி வந்தது. கோயம்புத்தூரில் அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, வயிற்றைக் கையால் தாங்கியபடி என் ஆஸ்பத்திரி படியேறி வந்தார்.

"ஈரல்ல கவாத்து வெட்டிட்டாங்க நர்சம்மா."

"கவாத்து வெட்டினா நல்லா துளிர்க்கும்ல, அண்ணே" என்றேன்.

"அதான் பயமா இருக்கு. எது துளிர்க்கும்னு சொல்லலையே" என்று சிரித்தார். கூட வந்த அவர் மனைவி பாக்கியம், "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா" என்று அவர் தோளில் தட்டினாள்.

அடுத்த வாரம்தான் அந்தக் கடிதம் வந்தது. அறுவை செய்த பெரிய டாக்டருக்கு உதவியாக இருந்த ஒரு பெண் டாக்டர் எழுதியிருந்தார். வெட்டி எடுத்த ஈரலைச் சோதித்ததில் இரும்புச் சத்து அளவுக்கு அதிகமாகப் படிந்திருக்கிறது. நோயாளி இரும்புச் சத்து மாத்திரையோ டானிக்கோ சாப்பிடுகிறாரா? அவருடைய இரத்த உறவில் யாருக்காவது ஈரல் நோய், சின்ன வயதிலேயே சர்க்கரை, தோல் கருத்துப்போவது இவற்றில் ஏதாவது உண்டா?

முதல் கேள்விக்கு ஆம் என்று எழுதினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரைக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் இரத்தச் சோகை. யார் வந்து அசதி என்றாலும் என் கை அந்த டப்பாவுக்குத்தான் போகும். முத்தையாவும் இரண்டு வருடமாக அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக நானும் மாத்திரையும் டானிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கேள்விக்குத் தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தகப்பன் பெயர் கருப்பன், உயிருடன் இருக்கிறார். எண்பது தாண்டியும் விறகு பிளக்கிற மனிதர், எனக்கே தெரியும். இரண்டு தங்கைகள், ஆரோக்கியம். இல்லை என்று எழுதினேன். தபால் பை இரண்டு மணி ஜீப்பில் போய்விடும். மழை பெய்துகொண்டிருந்தது. முத்தையா இருந்த லயம் பத்து நிமிட நடை. நான் போகவில்லை.

பத்து மாதம் கழித்துக் கட்டி திரும்பி வந்தது.

இந்த முறை நானும் கூடப் போனேன். மலை இறங்கும் பஸ்ஸில் மூவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. பாக்கியம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அடிவாரத்துக் கல்லாறு வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பனி விலகி, பாக்குமரங்கள் தெரிந்து, வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தபோதுதான் நாங்கள் எதற்காகப் போகிறோம் என்பது எனக்கு உறைத்தது.

அந்தப் பெண் டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். பின்னல் போட்டு, காலில் ரப்பர் செருப்போடு இருந்தார். இந்த வேலையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். என் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்தார்.

"நீங்கதானுங்களே சிஸ்டர் எழுதுனது?"

"ஆமாங்க."

"இவருக்கு வைரஸ் இல்லைங்க, குடி இல்லைங்க. மாத்திரை சாப்பிடறார், குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. சரி, இரும்பு மாத்திரையில வந்ததா இருக்கும்னு நாங்களும் அதை அப்படியே விட்டுட்டோம்." குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "கட்டி திரும்பி வர்றதுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க. பழசோட விதை எங்காச்சும் மிச்சம் கெடந்து முளைக்கலாம். இல்லைன்னா, கட்டிய எடுத்தாச்சு, அதை வளர்த்த ஈரல் அப்படியேதான இருக்குது, அது புதுசா ஒண்ணை வளர்க்கலாம். இவருக்கு வேற பக்கத்துல வந்திருக்குது. புதுசுன்னுதான் நினைக்கறோம். மாத்திரையில இவ்வளவு இரும்பு சேராது. சாப்பாட்டுல இருந்து தேவையானதை மட்டும் எடுத்துட்டு உடம்பு கதவைச் சாத்திக்கும். சில குடும்பத்துல பொறப்புலயே அந்தக் கதவு சாத்தறதில்லைங்க. இரும்பு சேர்ந்து சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். அறுவைக்கு அப்புறமும் அந்தப் பொறப்பு அவர்கூடவே இருக்குது."

"நான் குடுத்த டானிக்..."

"டானிக்கால வந்ததில்லைங்க. டானிக் நோயை மறைச்சிருச்சு." என் கடிதத்தை மடித்தபடி, "சீக்கிரமா தெரிஞ்சா அப்பப்ப ரத்தத்தை எடுத்தாலே போதும். ஈரலைக் காப்பாத்திரலாம். அதனாலதான் கூடப் பொறந்தவங்களைக் கேக்கறேன்" என்றார்.

ஒரு தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் போட ஆரம்பித்தார். முத்தையாவைப் பார்த்து, "அப்பா பேருங்க?" என்று கேட்டார்.

"கருப்பன்."

"இருக்காருங்களா?"

"இருக்காருங்க. எம்பது வயசு. நோய் நொடி இல்ல."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எண் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும் குரல். கப்பலிலிருந்து இறங்கி முகாமில் வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பதிலை அப்படித்தான் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஐந்து வயதில் நானும் அப்படிச் சொன்னவள்தான்.

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து இங்கே வருவதற்குக் குடும்பத்துக்கு ஓர் அட்டை. அதில் பெயர் இருந்தால்தான் கப்பல். ஒரே வீட்டில் ஒருவருக்கு அட்டை வரும், இன்னொருவருக்கு வராது. பிள்ளையாவது போகட்டும் என்று அண்ணன் பிள்ளையைத் தம்பி தன் பிள்ளையாக எழுதிக்கொண்டான். தங்கை மகள் அக்காவுக்கு மகளானாள். இங்கே வந்து வேலைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த அட்டையே ஆதாரம் என்று ஆனபிறகு அதை யாரும் திருத்தவில்லை. தோட்டத்துப் பதிவேடு அந்த அட்டையைப் பார்த்து எழுதியது. நான் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன்.

டாக்டரை யாரோ கூப்பிட்டுப் போனபோது, முத்தையாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அட்டையில இருக்கிறதச் சொல்லாதீங்க. பெத்தவரு யாரு?"

அவர் பாக்கியத்தைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா செத்தப்ப எனக்கு ஏழு வயசு" என்றார். "ஒடம்பெல்லாம் கருத்து, வயிறு பானையா ஊதி... செய்வினைன்னாங்க. கருப்பன் எங்க சித்தப்பா. அவருக்கு அட்டை வந்துருச்சு, அம்மாவுக்கு வரல. என்னய மகன்னு எழுதி கூட்டிட்டு வந்துட்டாரு. அம்மாவும் அண்ணனும் வர நாலு வருசம் ஆச்சு. வந்த அன்னிக்கு நான் ஓடிப்போனேன். 'பெரியம்மான்னு கூப்பிடு'ன்னு சித்தப்பா காதுல சொன்னாரு. அம்மா சாகுற மட்டும் அப்படித்தான் கூப்பிட்டேன்."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"அருணாசலம். கூடலூர்ப் பக்கம் சேரங்கோட்டுல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதிறாதீங்க நர்சம்மா. எம்மவனுக்கு இப்பத்தான் வேல நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. காகிதம் சரியில்லாத ஆளுகளத்தான் மொதல்ல நிறுத்துவாங்கன்னு பேசிக்கிறாங்க. நான் போற ஆளு. அவன் இருக்கணும்ல?"

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. என் அட்டையில் இருக்கிற அப்பாவும் என்னைப் பெற்றவர் இல்லை, பெரியப்பா. என் நர்ஸ் சான்றிதழ், வேலை உத்தரவு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் ஒரே மகளுடைய ஆவணங்கள் எல்லாம் அந்த அட்டையிலிருந்து பிறந்தவை. ஒரு நூலை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் திரும்பி வந்தபோது, "அப்புறம் சொல்றேங்க" என்று மட்டும் சொன்னேன். என்னையும் முத்தையாவையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அவர் தாளை மடித்து மேஜையில் வைத்தார். "வெச்சிருக்கேனுங்க" என்றார்.

முத்தையாவை அங்கே சேர்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி, நான்கு நாள் சும்மா இருந்தேன். அந்த நான்கு நாளும் எப்படிப் போயின என்று சரியாக நினைவில்லை. மருந்து டப்பாவைத் திறப்பேன், மூடுவேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலைப் பூக்கள் பனிக்குள் மிதப்பதுபோல் இருக்கும். அசதி என்று யாராவது வந்தால், "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்பேன். அவர்கள் விழிப்பார்கள். ஐந்தாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது. இவளுக்கு நாளைக்கு ஏதாவது வந்து, யாராவது ஒருத்தி பதிவேட்டைப் பார்த்து இல்லை என்று எழுதிவிட்டால்? காய்ச்சல் இறங்கியதும் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஊட்டி, கூடலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். கூடலூரில் கண்டக்டர் மலையாளம் கலந்த தமிழில், "சேச்சி, உள்ள கேறி நில்லுங்க, நாட்டுல உள்ளவங்க எல்லாம் படியிலயே நின்னா வண்டி எப்படிப் போகும்" என்று அலுத்துக்கொண்டார். இறங்கி நடக்கும்போது தூறல். ஓடைக்கு அப்பால் லயங்கள் மேகத்துக்குள் பாதி கரைந்து நின்றன. நடக்க நடக்க அவை பின்வாங்குவதுபோல் இருந்தது.

அருணாசலம் வாசலில் உட்கார்ந்து விரல் கணுக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முத்தையாவின் மூக்கு, முத்தையாவின் காது. முகம் மட்டும் வேறு நிறம். வெயிலில் கருத்ததுபோல் இல்லை, சாம்பலும் செம்பும் கலந்ததுபோல். சட்டை விலகிய இடத்திலும் அதே நிறம். ஜன்னல் விளிம்பில் ஒரு டானிக் பாட்டில் இருந்தது. நான் கொடுக்கிற அதே டானிக்.

"ஒரே அசதிங்கிறாரு, நாந்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றாள் அவர் மனைவி. "வேல செய்யாம இருக்க அசதி ஒரு சாக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை.

"அவன் எங்க சித்தப்பா மகனுங்க" என்றார், அதே எண் சொல்லும் குரலில்.

"தெரியுமுங்க. தம்பிதான."

"தம்பிதான். சித்தப்பா மகன்னா தம்பிதான?"

அங்கேதான் நான் தடுமாறினேன். நம் பேச்சில் சித்தப்பா மகனும் தம்பி, கூடப் பிறந்தவனும் தம்பி. முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருவரும் பத்திரமாக ஒளிந்திருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக யாராலும் சொல்ல முடியாது.

"ஒரே வயிறா?" என்று கேட்டேன்.

கணுக்களைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். மனைவி உள்ளே போனாள்.

"ஆஸ்பத்திரியில அட்டை கேட்க மாட்டாங்கண்ணே. ரத்தம்தான் கேப்பாங்க. எங்க அட்டையிலயும் எங்க அப்பா இல்ல" என்றேன். அதற்கு முன் வெளியார் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

அவர் டானிக் பாட்டிலைப் பார்த்தபடி, "அவன் எப்படி இருக்கான்?" என்றார்.

"வந்து பாருங்க."

"எங்க அப்பா மாதிரியா?"

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் எழுந்து உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை கோயம்புத்தூர் வார்டில் முத்தையா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் கோபத்தில் என் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் வலி வந்து, பேச முடியாமல் கிடந்தார். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவள் நான். அந்தப் பார்வை எனக்குச் சேர வேண்டியதுதான். ரத்தம் எடுப்பதற்கு முன் பெண் டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"இவருக்கு நீங்க என்ன வேணுமுங்க?"

அருணாசலம் தம்பியைப் பார்த்தார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். "இந்தத் தாள் இந்த ரூமை விட்டு வெளிய போகாதுங்க. எஸ்டேட்டுக்கு எந்தக் காகிதமும் வராது" என்றார் டாக்டர். அதை முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கட்டிலிலிருந்துதான் பதில் வந்தது.

"அண்ணன். எங்க அம்மா வயித்துல எனக்கு மூணு வருசம் முன்னால வந்தவரு."

டாக்டர் எழுதினார். முத்தையா கையை நீட்டினார். படிவத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அண்ணனிடம் கொடுத்தார். இருவரும் அந்த ஒரு வரியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிட்டாங்களா?" என்றார் அருணாசலம், தனக்குப் படிக்கத் தெரியாதவர்போல.

"எழுதிட்டாங்கண்ணே" என்றார் தம்பி.

அருணாசலத்தின் ரத்தத்தில் இரும்பு முத்தையாவுக்கு இருந்ததைப் போலவே இருந்தது. ஈரல் தடித்திருந்தது. கட்டி இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வாரம் ஒரு பை ரத்தம் எடுத்தார்கள், பிறகு மாதம் ஒன்று. முத்தையாவின் பிள்ளைகளையும் சோதித்தார்கள். பாக்கியம் அவருக்கு மாமன் மகள் என்பதால் டாக்டர் அந்த இரண்டு பெயருக்கும் நடுவில், சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு அடையாளமாக, இரட்டைக் கோடு போட்டுவைத்திருந்தார். மகனுக்கு ஒன்றுமில்லை. மகளை வருடா வருடம் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டி திரும்பி வந்த முத்தையாவுக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை. நாலு மாதம் இருந்தார். கடைசியில் ஒரு நாள், "அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா நான் அட்டையில இருக்கிறதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையைத்தான் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை அப்படித்தான் சொல்லியிருப்பார். இரண்டாம் தடவை வேறு மாதிரிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் எனக்குத் தெரியாதது.

அடுத்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரியை மூடினார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். என் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு ஒரு தாளில் சதுரமும் வட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் அப்பாவின் சதுரத்தில் அவருடைய சொந்தப் பெயரை எழுதினேன். எதனால் இறந்தார் என்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அவளுக்குத் தலைவலி என்றால்கூட அந்தக் கேள்விக்குறிதான் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

நீங்கள் படிவம் நிரப்பும்போது பதிவேட்டைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு மூடிவைத்து, ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்தத் தாள் எங்கே போகும், எங்கே போகாது என்று சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அருணாசலத்துக்கு ஸ்கேன். நானும் கூடப் போகிறேன். போன தடவை ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்த்தபடியே சொன்னார்: "தோட்டத்துல கால்ல ஏறுற அட்டை பாதி ரத்தத்தக் குடிச்சிருச்சு. மிச்சத்த இவங்க எடுக்குறாங்க. அந்தக் கப்பல் அட்டைதான் நர்சம்மா, ரத்தமே கேக்காம தம்பியத் தூக்கிட்டுப் போச்சு."

இந்த வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். சேரங்கோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். குன்னூர் ஸ்டாண்டில் பனிக்குள் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியிலும் முத்தையாவின் மூக்கையும் காதையும் தேடிக்கொண்டிருப்பேன்.